'உட்காருங்க ஸார்', 'அங்க நில்லுப்பா'

கல்யாண மண்டபத்து வாசலில் பன்னீர்ச் செம்போடு நிற்கிற ஆசாமியைக் கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் பெண்ணுக்குச் சித்தப்பா முறை. அவர் கண்ணுக்குள் ஒரு தராசு உண்டு. கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டாலே முகம் மலர்ந்துவிடும். ''வாங்க வாங்க, முன்னாடி சோபால உக்காருங்க!'' அதே நேரம் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி, மஞ்சள் பையோடு, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு இன்னொருவர் வருவார். அவருக்கு, ''வாப்பா... பந்தி மாடில. அப்டியே சைடுல போயிடு.'' பன்னீர் கிடையாது. ஏற்கெனவே நனைந்துதானே வந்திருக்கிறார்!

இந்தக் கணக்கைப் போட்டு முடிக்கச் சித்தப்பாவுக்கு ஒரு செகண்டு ஆகாது. செருப்பு, வாட்ச், வேட்டியின் ஜரிகைக் கரை எத்தனை அங்குலம், விரலில் மோதிரம் எத்தனை... எல்லாம் ஒரே பார்வையில் பேலன்ஸ் ஷீட் ஆகிவிடும். நானும் பி.காம். படித்தவன்தான். ஐந்தொகை டாலி ஆக எனக்கு ஒரு ராத்திரி ஆகும்.

சித்தப்பா கெட்டவர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரைக் கூப்பிட்டுக் கேட்டால், ''சேச்சே, நான் யாரையும் வித்தியாசமா நடத்தலியே'' என்று சத்தியம் செய்வார். பொய்ச் சத்தியம் இல்லை. அவருக்கே தெரியாது.

இதே காட்சியை, சோபாவையும் பன்னீரையும் கழித்துவிட்டு, ஒருவர் முதல் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். பெயர் யாக்கோபு. பைபிளின் புதிய ஏற்பாட்டில் கடைசிப் பக்கம் ஒதுங்கினாற்போல் இவருடைய கடிதம் ஒன்று இருக்கிறது. மொத்தமே ஐந்து அத்தியாயம். எலெக்ட்ரிக் டிரெயினில் தாம்பரத்தில் ஆரம்பித்தால் கிண்டிக்குள் முடித்துவிடலாம். ஏசுநாதரின் சகோதரர், ஜெருசலேம் திருச்சபையின் தலைவர் என்று மரபு சொல்கிற அதே யாக்கோபு. (காலேஜ் வாசலில் சின்ன சைஸ் புதிய ஏற்பாட்டை இலவசமாகக் கொடுப்பார்கள். நோட்ஸை ஜெராக்ஸ் எடுக்கவே காசு தேடின காலத்தில் எனக்கு ஓசியில் கிடைத்த ஒரே புத்தகம் அது. அதனால்தான் படித்தேன். பக்தியை என் கணக்கில் வரவு வைக்க வேண்டாம்.)

இரண்டாம் அத்தியாயத்தின் ஆரம்பத்தில் அவர் சொல்வதன் சாரம் இது. உங்கள் கூட்டத்துக்கு இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் தங்க மோதிரமும் பளபளக்கிற உடுப்புமாக. இன்னொருவர் அழுக்குத் துணியோடு. முதல் ஆளை நல்ல இடம் பார்த்து உட்கார வைக்கிறீர்கள். இரண்டாவது ஆளை நிற்கச் சொல்கிறீர்கள், இல்லாவிட்டால் காலடியில் தரையைக் காட்டுகிறீர்கள். அப்படிச் செய்தால் நீங்களாகவே நீதிபதி ஆகிவிட்டீர்கள், அதுவும் மோசமான நீதிபதி. அவ்வளவுதான் விஷயம்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். மோதிரக்காரர் எதுவும் கேட்கவில்லை. 'நான் யார் தெரியுமா?' என்று குதிக்கவில்லை. அழுக்குத் துணிக்காரரும் பாவம், வாயே திறக்கவில்லை. யாக்கோபிடம் திட்டு வாங்குவது மூன்றாவது ஒரு ஆள். இடம் காட்டினானே, அவன். பன்னீர்ச் செம்புச் சித்தப்பா!

பணக்காரன் பரலோகம் போவானா, ஊசிக் காதில் ஒட்டகம் நுழையுமா என்பதெல்லாம் வேறு சப்ஜெக்ட். அதைப் படித்துவிட்டு, 'நல்லவேளை, நமக்கு அந்தப் பிரச்னை இல்லை' என்று நம்மைப் போன்ற சம்பளக்காரர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். மாதம் இருபதாம் தேதிக்கு மேல் நாம் எல்லோரும் தானாகவே பரலோகத் தகுதி பெற்றுவிடுகிறோம். ஆனால் இந்த இடத்தில் தப்பிக்க முடியாது. இடம் காட்டுவதற்குப் பணக்காரனாக இருக்க வேண்டியதில்லை. ஒரு கவுன்ட்டரும் எதிரில் ஒரு நாற்காலியும் இருந்தால் போதும்.

மூல நூலில் கிரேக்க மொழியில் இதற்கு ஒரு வார்த்தை போட்டிருக்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் 'முகத்தை ஏற்றுக்கொள்வது' என்று அர்த்தம். தமிழ் பைபிளில் பட்சபாதம் என்று மொழிபெயர்த்தார்கள். என்னைக் கேட்டால் நம்மிடம் இன்னும் கச்சிதமான வார்த்தை இருக்கிறது. முகதாட்சண்யம்! பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் 19-ம் அத்தியாயத்தில் நியாயம் விசாரிப்பதைப் பற்றி வருகிற இடத்தில் தமிழ் பைபிளும் இதைத்தான் போட்டிருக்கிறது. கிரேக்கனும் எபிரேயனும் தமிழனும் ஒரே மாதிரி கண்டுபிடித்திருக்கிறார்கள் பாருங்கள். பாரபட்சம் மனதில் தொடங்குவதில்லை. முகத்தைப் பார்க்கிற கண்ணில் தொடங்குகிறது.

இதைப் பற்றி எழுத எனக்கு ஒரு விசேஷத் தகுதி இருக்கிறது. நான் இருப்பது முசரவாக்கத்தில், காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில். யாக்கோபு சொன்ன அந்தப் பளபளக்கிற உடுப்புக்கு உலகத்திலேயே பேர்போன ஊர் காஞ்சிபுரம். உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம், இரண்டையும் தறியிலேயே கோர்த்து நெய்கிற 'கோர்வை'க்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். குழித்தறியில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, நாள் கணக்கில், ஒரு புடவை. இந்தப் பட்டுக்குப் புவிசார் குறியீடு எல்லாம் கொடுத்து கௌரவித்திருக்கிறார்கள். புடவைக்குத்தான்.

எனக்குத் தெரிந்த நெசவாளி ஒருவர். ஐம்பதைத் தாண்டியவர். நெய்து முடித்த புடவையைக் கொடுக்கக் காஞ்சிபுரத்தில் ஒரு ஜவுளிக் கடைக்குப் போனார். பஸ்ஸில் பக்கத்து சீட் என்பதால் நானும் கூடவே கடை வரைக்கும் போனேன். முன்வாசலில் கார்கள். உள்ளே ஏ.ஸி., வெள்ளை விரிப்பு போட்ட மெத்தை, வந்தவர்களுக்கு ஜில்லென்று மோர். இவர் பக்கவாட்டுச் சந்தில் போய், கதவோரம் பையை மார்போடு அணைத்தபடி நின்றார். முக்கால் மணி நேரம்.

''ஏண்ணா, உள்ள போய் உக்காரலாமில்ல?'' என்றேன்.

''நமக்கு இன்னாத்துக்குத் தம்பி மெத்த? புடவ உக்காரும்'' என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை. பஸ் ஆறு மணிக்கு என்கிற மாதிரி சொன்னார். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து ஒரு பையன் வந்து பையை வாங்கிக்கொண்டு போனான். கண்ணாடி வழியே பார்த்தால் அவர் சொன்னது அப்படியே நடந்தது. புடவை மெத்தையில் உட்கார்ந்தது. நெய்தவர் சந்தில் நின்றார். அந்தப் பையனும் கெட்டவன் இல்லை. மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கிறவன். முன்வாசலுக்கு ஒரு முகம், பின்வாசலுக்கு ஒரு முகம் என்று யாரும் அவனுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. தானாகவே வந்துவிட்டது.

பிரியதர்ஷன் எடுத்து, பிரகாஷ்ராஜுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த 'காஞ்சிவரம்' படம் ஞாபகமிருக்கும். மகளுக்குப் பட்டுப் புடவை கட்டிக் கல்யாணம் செய்ய ஆசைப்பட்ட நெசவாளியின் கதை. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஏ.ஸி. தியேட்டரில் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்கள் பல பேர். துடைத்த கையோடு ஆபீஸுக்குப் போய், கைலி கட்டி வந்தவரிடம் 'என்னய்யா வேணும்?' என்றிருப்போமா இல்லையா என்பதுதான் யாக்கோபின் கேள்வி. இதே யாக்கோபு ஐந்தாம் அத்தியாயத்தில், வயலில் அறுத்தவனுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கடவுள் காதில் விழுகிறமாதிரி கத்தும் என்கிறார். நாற்காலியும் கூலியும் அவருக்கு ஒரே லெட்ஜரில் அடுத்தடுத்த பக்கம்.

'இவ்வளவு அழகாகச் சொன்னவர்களின் வீட்டில் எப்படி?' என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி.

18, 19-ம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பல சர்ச்சுகளில் பெஞ்சுக்கு வாடகை வசூலித்தார்கள். முன்பெஞ்சுக்கு அதிக வாடகை. பெஞ்சுக்குத் தனிக் கதவுகூட உண்டு. காசில்லாதவர்களுக்குப் பின்னாலோ மாடியிலோ 'இலவச இருக்கை'. யாக்கோபின் கடிதத்தை அதே சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை வாசித்தும் இருப்பார்கள். சினிமாக் கொட்டகையில் பின்னால்தான் விலை ஜாஸ்தி, சர்ச்சில் முன்னால். வித்தியாசம் அவ்வளவுதான்.

நம் ஊர் சங்கதி இன்னும் ஒரு படி மேலே. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம். அங்கே 1870-களில் கட்டிய கத்தோலிக்கக் கோவிலுக்கு 'டிரவுசர் சர்ச்' என்றே ஒரு பட்டப்பெயர். மேலே இருந்து பார்த்தால் கால்சட்டை மாதிரி இரண்டு காலாக நீண்டிருக்கும். பீடம் ஒன்று. ஒரு காலில் ஒரு சாதியார், இன்னொரு காலில் இன்னொரு சாதியார். இவர்களுக்கு அவர்கள் தெரியமாட்டார்கள். பீடத்தில் நிற்கும் சாமியாருக்கு மட்டும் இரண்டு பேரும் தெரிவார்கள். (கடவுளுக்கும் தெரிந்திருக்கும்.) 1910-ல் கௌசானல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் தடுப்பை இடித்தார். உடனே கேஸ்! 'எங்களுக்குத் தனி இடம் வேண்டும், அது எங்கள் உரிமை' என்று ஒரு தரப்பு கோர்ட்டுக்குப் போனது. சென்னை ஐகோர்ட் வரை போய், அப்படி ஒரு உரிமை கிடையாது என்று தீர்ப்பானது. கடவுள் முன்னிலையில் சமமாக உட்காரமாட்டோம் என்று சொல்ல வக்கீல் வைத்து ஃபீஸ் கட்டியிருக்கிறார்கள். யாக்கோபு மோதிரத்தை மட்டும்தான் பார்த்தார். மோதிரத்தைக் கழற்றிவிடலாம். சாதியைக் கழற்றுவது எப்படி என்று அவருக்கு ஜெருசலேமில் பிராக்டிஸ் இல்லை.

சர்ச்சை மட்டும் சொன்னால் எனக்கே முகதாட்சண்யம் என்பீர்கள். எங்கள் காஞ்சிபுரத்துக்கு வருவோம்.

2019-ல் அத்திவரதர் வந்தார். நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை வரதராஜப் பெருமாள் கோவில் குளத்திலிருந்து எழுந்தருளுகிறவர். அதற்கு முன்னால் வந்தது 1979. ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள். சுமார் ஒரு கோடிப் பேர் வந்ததாகக் கணக்கு சொன்னார்கள். பொது வரிசை ஒன்று. அப்புறம் வி.ஐ.பி., வி.வி.ஐ.பி. என்று பாஸ்கள். பொது வரிசைக்காரர்கள் மணிக்கணக்கில் வெயிலில் நின்று, சில விநாடி பார்த்து, 'நகருங்க நகருங்க' கேட்டுத் திரும்பினார்கள். ஜூலை 18 அன்று கூட்டம் கட்டுக்கடங்காமல் போய் நான்கு பேர் உயிர் போனது. இன்னொரு நாள், உடம்பெல்லாம் தங்கம் பூட்டிய ஒரு பிரபல ரவுடி சௌகரியமாக முன்னால் உட்கார்ந்து தரிசனம் செய்கிற படம் செல்போன் செல்போனாகச் சுற்றியது. தங்க மோதிரம், நல்ல இடம். யாக்கோபு ஜெருசலேமில் உட்கார்ந்து எங்கள் ஊர் ரிப்போர்ட்டை எழுதிவிட்டாரோ என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கோவில்களில் இந்த வி.ஐ.பி. தரிசனம் வேண்டாம் என்று ஒருவர் சுப்ரீம் கோர்ட் வரை போனார். 2025 ஜனவரியில் கோர்ட், விசேஷ சலுகை கூடாது என்பதுதான் தங்கள் அபிப்பிராயமும் என்று சொல்லிவிட்டு, ஆனால் இதில் உத்தரவு போட முடியாது, சமூகமும் கோவில் நிர்வாகமும் முடிவு செய்துகொள்ள வேண்டியது என்று மனுவைத் திருப்பிவிட்டது. ஆக, பந்து மறுபடியும் பன்னீர்ச் செம்பு ஆசாமியிடமே!

அதே வரதராஜப் பெருமாள் சந்நிதியில், ஏறக்குறைய ஆயிரம் வருஷம் முன்பு, ஆலவட்டம் வீசிக் கைங்கரியம் செய்தவர் திருக்கச்சி நம்பி. பூவிருந்தவல்லிக்காரர். பிராமணர் அல்லர். அவரை குருவாக வரித்து, அவர் சாப்பிட்ட மிச்சத்தைச் சாப்பிட வேண்டுமென்று ஆசைப்பட்டு வீட்டுக்கு அழைத்தாராம் ராமானுஜர். அவர் வெளியே போன சமயத்தில் நம்பி வந்துவிட, வீட்டம்மா சோறு போட்டு அனுப்பிவிட்டு, இலையைத் தூக்கி எறிந்து, இடத்தைக் கழுவி, தலைக்கும் குளித்துவிட்டார் என்று குரு பரம்பரைக் கதை. பெருமாளே பேசுகிற அளவுக்குப் பெரியவர் நம்பி என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் திண்ணையில் பார்த்த கண்ணுக்கு முகம்தான் முதலில் தெரிந்தது. (பழியை வழக்கம்போல் வீட்டம்மா தலையில் போட்டுவிட்டார்கள், அது வேறு விஷயம்.) உபதேசம் செய்கிறவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், வாசலில் இடம் காட்டுகிறவர் வேறு ஆளாக இருந்தால் போச்சு.

இப்போது என்னோடு பி.காம். படித்தவர்கள் ஒரு பாயின்ட் எடுப்பார்கள். ''என்னப்பா, கஸ்டமர் எல்லாரும் ஒண்ணா? பத்து லட்சம் டெபாசிட் போடறவனையும் ஐநூறு ரூபா போடறவனையும் ஒரே மாதிரி நடத்தினா பிராஞ்ச் உருப்படுமா?''

வட்டி விகிதம் வேறாக இருக்கட்டும், லாக்கர் பெரிசாகவே கொடுக்கட்டும். அதெல்லாம் வியாபாரம், நோட்டீஸ் போர்டில் எழுதி ஒட்டியிருக்கிறது. கேள்வி, எழுதி ஒட்டாத விஷயத்தைப் பற்றி. 'வாங்க'வா, 'வா'வா? உட்கார்ந்தா, நின்றா? அது எந்த சர்க்குலரிலும் கிடையாது. யாக்கோபு ஒரு குறும்பும் செய்திருக்கிறார். நீங்கள் விழுந்து விழுந்து உபசரிக்கிற ஆட்கள்தானே உங்களைக் கோர்ட்டுக்கு இழுக்கிறவர்கள் என்று கேட்கிறார். பாங்குக்காரர்கள் பெரிய பெரிய வராக்கடன் பட்டியலை எடுத்து ஒருதரம் பார்க்கவும். நின்றுகொண்டு ஐநூறு ரூபாய் போட்டவர் பெயர் அதில் இருக்காது.

அடுத்த பாயின்ட், ''அப்ப ஏழைன்னா மட்டும் முன்னாடி உக்கார வெக்கணுமா?'' இதற்கும் பதில் இருக்கிறது. நான் முன்னால் சொன்ன லேவியராகமம் 19-ல், பெரியவன் முகத்துக்குப் பயப்படாதே என்பதோடு, எளியவன் என்பதற்காகவும் தீர்ப்பை வளைக்காதே என்றுதான் இருக்கிறது. அதே அத்தியாயத்தில் கொஞ்சம் தள்ளி, நரைத்தவர் வந்தால் எழுந்து நில் என்றும் இருக்கிறது. முரண்பாடு மாதிரி தெரிகிறதா? இல்லை. நாற்காலி யாருக்கு என்று பார்க்கும்போது பர்ஸைப் பார்க்காதே, முழங்காலைப் பார். யாருக்குக் கால் வலிக்குமோ அவருக்கு. அவர் கோடீஸ்வரராக இருந்தாலும் சரி.

யூதர்களின் தல்மூதில் ஒரு வழக்கம் சொல்லியிருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது. பட்டாடை கட்டின ஒருவரும் கந்தல் கட்டின ஒருவரும் வழக்கோடு வந்தால், நீதிபதிகள் பட்டாடைக்காரரிடம் சொல்வார்களாம். ஒன்று, நீயும் அவனைப்போல் உடுத்திக்கொண்டு வா. இல்லை, அவனுக்கும் உன்னைப்போல் வாங்கிக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு வா. அப்புறம் விசாரிக்கலாம். காஞ்சிபுரம் ஜவுளிக்காரர்கள் இந்தச் சட்டத்தை வரவேற்பார்கள். எப்படியும் ஒரு பட்டு விற்கும்.

மூன்றாம் நூற்றாண்டில் சிரியா பக்கம் எழுதிய 'திதஸ்காலியா' என்ற திருச்சபை ஒழுங்கு நூல் இன்னும் பிராக்டிகல். பிரசங்கம் நடக்கும்போது பெரிய மனிதர் யாராவது வந்தால், பிஷப் அதற்காகப் பேச்சை நிறுத்தி உபசரிக்கக் கூடாது. ஆனால் ஏழை ஒருவர், அதுவும் வயதானவர், வந்து இடமில்லாமல் நின்றால், பிஷப் தானே இடம் பண்ணிக் கொடுக்க வேண்டும். தான் தரையில் உட்கார நேர்ந்தாலும் சரி. அந்த பிஷப்பைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். அங்கியை மடித்துக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அதற்கு மேல் பிரசங்கமே தேவையில்லை.

நாம் யாரும் பிஷப் இல்லை. தரையில் உட்கார வேண்டாம், பேன்ட் அழுக்காகும். ஆனால் ரேஷன் கார்டில் பெயர் திருத்த வந்த கிழவர், கேஸ் கனெக்‌ஷன் ஃபாரம் நிரப்பத் தெரியாத அம்மா, லோனுக்கு ஜாமீன் தேடி அலைகிற நெசவாளி... இவர்கள் எல்லோரும் நம் டேபிளைத் தாண்டித்தான் போகிறார்கள். சர்க்கார் அவர்களுக்கு என்ன கொடுக்கும், கம்பெனி என்ன கொடுக்கும் என்பது நம் கையில் இல்லை. எதிரே இருக்கிற காலி நாற்காலி நம் கையில் இருக்கிறது.

இந்த வாரம் ஒரு சின்ன ஆடிட். ராத்திரி படுக்கும்முன் ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டு பத்தி போடுங்கள். இடது பக்கம், இன்றைக்கு 'உட்காருங்க' என்று சொன்னது யாரிடம். வலது பக்கம், 'அங்க நில்லுங்க' என்றது யாரிடம். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, செருப்பை மட்டும் எழுதுங்கள். ஷூ, ஹவாய், வெறுங்கால். சனிக்கிழமை கூட்டிப் பாருங்கள். இரண்டு பக்கமும் எல்லாச் செருப்பும் கலந்திருந்தால் அக்கவுன்ட் கிளீன்.

கலக்கவில்லையா? திங்கட்கிழமை முதல் வேலையாக அந்தக் காலி நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போடுங்கள். நம் அப்பா சம்பாதித்துப் போட்ட நாற்காலி இல்லை ஸார், ஆபீஸ் வாங்கினது. தாராளமாகக் காட்டலாம்.